பேழைக்குள் போன கையேடு

என் அத்தான் எங்கள் அலுவலகத்துக்குள் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த அன்று, என்னைத் தெரியாதவர் மாதிரி நடித்தார். அக்காவைக் கட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக் குழாய் ஒழுகினால் முதல் ஆளாக வந்து நின்று, யோசனை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர். அப்படிப்பட்டவர் மீட்டிங் அறையில் என் கையைக் குலுக்கி, "உங்களச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார். எனக்கு சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வந்திருந்தால் பின்னால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் பலருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. லிஃப்டை ஓட்டுகிற மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறேன். எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது, எதைக் கண்டால் பயந்து நின்றுவிடுவது என்றெல்லாம் முடிவு செய்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று ஒவ்வொரு லிஃப்டுக்கும் இருக்கும். எங்கள் நிறுவனம் அந்தப் பெட்டியையும் அதற்குள் ஓடும் மென்பொருளையும் செய்கிறது. லிஃப்ட் நின்றுபோனால் பெட்டியின் சின்னத் திரையில் ஒரு பிழை எண் வரும். மெக்கானிக் அந்த எண்ணைக் கையேட்டில் தேடி, நான் எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி செய்வார். நான் ஒரு வரியை முன்பின்னாகப் போட்டால் யாருக்காவது கை போகும். பதினாறு வருஷமாக யாருக்கும் போகவில்லை. இதற்கெல்லாம் கேடயம் கொடுக்கிற வழக்கம் இல்லை.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். எல்லாமே வெறும் டெக்ஸ்ட் ஃபைல். வண்ணம் கிடையாது, அலங்காரம் கிடையாது, எழுத்து மட்டும்தான். எந்தக் கணினியிலும் திறக்கும், எந்த அரதப்பழசான போனிலும் திறக்கும். மொட்டைமாடி மோட்டார் அறையில் சிக்னல் இல்லாமல், எண்ணெய்க் கையோடு, கீறல் விழுந்த திரையில் மெக்கானிக்குகள் அதைத்தான் படித்தார்கள். நாளைக்கே எங்கள் நிறுவனத்தை இழுத்து மூடினாலும் அந்தக் கோப்பைத் திறக்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

எங்கள் துணைத் தலைவருக்கு அந்தக் கோப்புகளைக் கண்டாலே ஆகாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'முன்னுரை'. எதைப் பேசினாலும் முன்னுரையோடு நின்றுவிடுவார். அதற்கு மேல் அவருக்கு விஷயம் தெரியாது. ஒரு வெளிநாட்டுக்காரர் என் கோப்பை இவர் மடிக்கணினியில் பார்த்துவிட்டு "என்ன இது, மளிகைச் சீட்டு மாதிரி இருக்கு" என்று கேட்டாராம். முன்னுரை அதிலிருந்து மீளவே இல்லை.

அன்று அத்தான் திரையில் போட்டுக் காட்டிய பொருளின் பெயர் 'பேழை'. திறக்கும்போது பக்கம் புரள்கிற சத்தம் வந்தது. ஒரு லிஃப்ட் படம் வந்து மூன்று முறை சுற்றியது. எங்கள் லிஃப்டுகள் மேலே போகும், கீழே வரும். சுற்றாது. சுற்றினால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். முன்னுரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இன்னொரு தடவ சுத்தச் சொல்லுங்க" என்றார்.

அத்தான் சுற்ற வைத்தார்.

பேழைக்குள் எழுதுவதைப் பேழையால் மட்டும்தான் திறக்க முடியும். கோப்பின் வடிவம் அந்த நிறுவனத்தின் ரகசியம். எழுதுகிற எனக்கு ஒரு உரிமம், படிக்கிற ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு உரிமம், ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல். இதை அத்தான் "பாதுகாப்பு" என்று சொன்னார். எதிலிருந்து பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. பிரேக்கை எப்படி விடுவிப்பது என்பதைத் திருடிக்கொண்டு போய் யார் என்ன செய்யப்போகிறார்கள்?

வாங்குவதற்கு முன் நான் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு கேள்விகள். ஏழாவது கேள்வி: உள்ளே போட்ட கையேட்டைப் பொதுவான வடிவத்தில் முழுசாக வெளியே எடுக்க முடியுமா? அதைச் சோதித்துப் பார்த்தேன். 'வெளியேற்று' என்றொரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோவாக வந்து விழுந்தது. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு வரியைத் திருத்த முடியாது. பத்திரிகையைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டி வைப்பதைப் போல. ஆகவே பதில், முடியாது. அந்த ஒரு பதில் போதும், வாங்குகிற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். எதற்கென்று போகும்போதே தெரியும். அத்தான் கூடத்தில் உட்கார்ந்து டிவியின் சத்தத்தை ஏற்றிக்கொண்டார். அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அவர் நெலமை உனக்குத் தெரியாதாடி. இந்த ஒண்ணு முடியலன்னா அவர அனுப்பிடுவாங்க. இந்த வயசுல வேற எங்க போய் நிப்பாரு?"

"அக்கா, அவர் விக்கிறது பூட்டு. என் கையேட்ட உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவிய அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"எனக்கு அதெல்லாம் புரியாது. நீ என்ன செய்யணும்? ஒரு டிக்கு போடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன?"

என் கணவரை விட்டு வந்த பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டின் பின்னறையில் இருந்தேன். அக்கா ஒரு நாளும் எப்போது போவாய் என்று கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை, ஏழாவது கேள்விக்கு நேரே 'முடியும்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. டிக் நேராகவே விழுந்தது.

அடுத்த ஐந்து மாதம் நானும், என்னோடு கையேடு எழுதும் இன்னொரு பெண்ணும் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் பேழைக்குள் இறக்கினோம். முன்னுரை எல்லா மாடியிலும் போஸ்டர் ஒட்டினார். 'ஒரே உண்மை, ஒரே இடம்.' கடைசிக் கோப்பு உள்ளே போன அன்று பழைய கோப்புகள் இருந்த ஃபோல்டரை எல்லோர் முன்னிலையிலும் அழிக்கச் சொன்னார். இரண்டு உண்மை இருக்கக்கூடாதாம். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மெக்கானிக்குகள் தட்டவில்லை. அவர்களில் ஒருவர், ஐம்பது தாண்டியவர், ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் இருக்கிற வட்டாரத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வாரம் ஒரு முறையாவது எனக்குப் போன் செய்வார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"மேடம், பாஸ்வேர்டு கேக்குது."

"போடுங்க அண்ணே."

"பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், நட்சத்திரம் எல்லாம் வேணுமாம். என் கை முழுக்க கிரீஸு. நான் லிஃப்ட ரிப்பேர் பண்ணவா, இதுக்குக் கோலம் போடவா?"

ஆறே மாதத்தில் அவர்கள் பேழையைக் கைவிட்டு, தேவையானதைச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். முன்னுரைக்கு எங்கேயோ ஒரு மேடையில் 'டிஜிட்டல் மாற்றத்தின் முன்னோடி' என்று ஒரு கண்ணாடிக் கட்டி கொடுத்தார்கள். அதை மேஜையில் வெளிச்சம் படுகிற மாதிரித் திருப்பி வைத்தார்.

இதற்கிடையில் மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு மாற்றத்தை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் மாட்டிக்கொண்டால் வரும் எண் அறுபத்தொன்று. முன்பெல்லாம் மெயின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, அப்புறம் மீட்புச் சாவியைத் திருப்ப வேண்டும். பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு லிஃப்ட் மெல்ல ஊர்ந்து பக்கத்து மாடிக்குப் போகும். புதிய மென்பொருளில் இந்த வரிசை தலைகீழானது. பழைய வரிசையிலேயே செய்தால் பிரேக் முழுசாக விட்டுவிடும். லிஃப்ட் ஊராது, ஓடும். இதை நான் பேழைக்குள்தான் எழுதினேன். மெக்கானிக்குகளின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது பழைய வரிசை.

இரண்டு வருஷம் கழித்து, பேழையைச் செய்த நிறுவனத்தை அதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று விழுங்கியது. விழுங்கியதும் முதல் வேலையாக, பேழை இனி கிடையாது என்று கடிதம் அனுப்பியது. தொண்ணூறு நாள் அவகாசம். அதன் பிறகு பேழைக் கோப்பு எதுவும் திறக்காது. அதற்குப் பதிலாக 'மகாபேழை' வந்திருக்கிறது. எங்களிடம் இருந்த பேழை மூன்றாம் பதிப்பு. மகாபேழைக்கு நான்காம் பதிப்பிலிருந்துதான் மாற முடியும். நான்காம் பதிப்பு விற்பனைக்கு இல்லை, ஏனென்றால் பேழையே கிடையாது. இதை எழுதிய ஆசாமி எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. அத்தானை மட்டும் புதிய நிறுவனம் வைத்துக்கொண்டது. மகாபேழையை விற்க ஆள் வேண்டுமே.

நான் முன்னுரைக்கு மூன்று கடிதம் போட்டேன். இதைக் கவனிக்க ஒரு குழு அமைப்பதற்காக ஒரு குழு அமைத்திருப்பதாகப் பதில் வந்தது. சரி, இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று, திறக்கிற வரைக்கும் திறந்து, திரையைப் பார்த்துப் பார்த்து நானே வெறும் டெக்ஸ்டாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். மற்ற வேலைக்கு நடுவே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. பிழை ஒன்றிலிருந்து வரிசையாக ஆரம்பித்தேன். அவகாசம் முடிந்த வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டில் நின்றிருந்தேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆள் மாட்டிக்கொள்கிற எண்களை முதலில் எடுத்திருக்க வேண்டாமா? பதினாறு வருஷம் மற்றவர்களுக்கு எதை முதலில் செய்வது என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மெக்கானிக் அண்ணன் போன் செய்தார். குரல் வழக்கம் போல இல்லை.

"மேடம், அறுபத்தொண்ணு. கிளினிக் கட்டடம். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஆறு பேரு."

"கையேட்ட..."

"தொறக்கல. 'உங்கள் உரிமம் முடிந்தது, நன்றி'ன்னு வருது. நன்றி எதுக்கு சொல்றான்னே தெரியல."

"அண்ணே, பெட்டில என்ன வெர்ஷன் போட்டிருக்கு?"

"மூணு புள்ளி ரெண்டு."

புதியது. வரிசை மாறியது நினைவிருந்தது. ஆனால் நடுவே ஒரு காத்திருப்பு உண்டு. ஏதோ ஒரு விளக்கு, ஏதோ ஒரு கணக்கு. எந்த விளக்கு, எத்தனை தடவை என்று துல்லியமாக வரவில்லை. எழுதியது நான்தான். நானூற்றுப் பன்னிரண்டு கோப்பை மனப்பாடமாக வைத்திருந்தால் எழுதுவானேன்?

"அண்ணே, நோட்டுல இருக்கறத செய்யாதீங்க. அது பழசு. தொடவே தொடாதீங்க."

"தெரியாத பெட்டிய நான் தொட மாட்டேன் மேடம். ஆனா சீக்கிரம் சொல்லுங்க. உள்ள ஒருத்தரு ரத்தப் பரிசோதனைக்குன்னு காலையிலேருந்து எதுவும் சாப்பிடலையாம். கதவத் தட்டிக்கிட்டே இருந்தவரு இப்ப தட்டல."

முன்னுரையின் அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"இதுல மூணு கோணம் இருக்கு" என்றார்.

"சார், ஆறு பேர் இருக்காங்க."

"பேழை கம்பெனிக்கு புகார் டிக்கெட் போட்டாச்சா?"

அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"என்னம்மா, இந்த நேரத்துல? ஒரு டெமோக்கு வந்திருக்கேன்."

"அத்தான், ஒரே ஒரு கோப்பு. ஒரே ஒரு பக்கம் திறக்கணும். உங்க ஆளுங்க யாரையாவது விட்டு அஞ்சு நிமிஷம் உரிமத்த திறந்து விடச் சொல்லுங்க. லிஃப்டுல ஆளு மாட்டிக்கிட்டிருக்காங்க."

"அய்யய்யோ." நிஜமாகவே பதறினார், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அவருக்குள் இருந்த விற்பனைக்காரர் எழுந்துகொண்டார். "அது பழைய புராடக்ட்மா. அந்த டீமே இப்ப இல்ல, எல்லாரையும் அனுப்பிட்டாங்க. நீங்க மகாபேழைக்கு மாறிட்டீங்கன்னா..."

நான் போனை வைத்துவிட்டேன். மரியாதை இல்லாமல் நான் அவர் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் எனக்கு மென்பொருளை எழுதும் நிரலர்களின் நினைவு வந்தது. படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கி ஓடினேன். அங்கே 'சால்வை' என்று நாங்கள் கூப்பிடும் பெண், ஏசி குளிருக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்டின் மீட்புப் பகுதியை எழுதியவள் அவள்தான்.

"அறுபத்தொண்ணு. மூணு புள்ளி ரெண்டுல வரிசைய மாத்தினியே, எந்த விளக்கு, எத்தன தடவ?"

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. மென்பொருளின் மூல நிரல் முழுக்க வெறும் எழுத்து. அதில் 'மீட்பு' என்று தேடினாள். நிரலின் நடுவே அவள் தனக்குத் தானே எழுதி வைத்த குறிப்பு வந்து நின்றது. மூன்று வினாடி கூட ஆகியிருக்காது. முதலில் மீட்புச் சாவி. பச்சை விளக்கு மூன்று தடவை சிமிட்டும் வரை பொறு. அதன் பிறகுதான் மெயின். மாற்றினால் ஓடும், விளையாடாதே.

போனில் அண்ணனுக்கு வரி வரியாகப் படித்தேன். அவர் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னார். சாவி. சிமிட்டல் ஒன்று. இரண்டு. மூன்று. மெயின். பிறகு ஒரு நீண்ட உரசல் சத்தம். நானும் சால்வையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊருது மேடம்" என்றார் அண்ணன். "மெதுவா ஊருது."

ஆறு பேரும் வெளியே வந்தார்கள். சாப்பிடாமல் இருந்தவர் உள்ளே மயங்கிக் கிடந்தார். கிளினிக் என்பதால் தூக்கிப் படுக்க வைக்க ஆள் இருந்தது. மத்தியானத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பரிசோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன், படியேறியே வருகிறேன் என்று சொன்னாராம்.

நான் சால்வையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க எழுத்த மட்டும் எப்படி பேழைல போடாம விட்டாங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க அக்கா. முன்னுரை வந்தாரு. நிரல பூட்டி வச்சீங்கன்னா நாங்க பதினொரு பேரும் அன்னிக்கே கெளம்பிடுவோம்னு சொன்னோம். போயிட்டாரு."

அவ்வளவுதானாம். ஒரு வாக்கியம். எங்கள் பக்கம் இரண்டு பேர். அந்த வாக்கியத்தைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு நேராக ஒரு டிக் போட மட்டும் தெரிந்திருந்தது. அதுவரை முன்னுரையையும் அத்தானையும் மனசுக்குள் வறுத்துக்கொண்டிருந்த நான், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி என் மேலேயே காறித் துப்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை முன்னுரை ஒரு கூட்டம் போட்டார். அதற்கு 'கற்றல் கூட்டம்' என்று பெயர். நாங்கள் கற்க வேண்டியது என்னவென்றால், உடனே மகாபேழை வாங்க வேண்டும். அதே சக்கரப் பெட்டியோடு அத்தான் வந்திருந்தார். இந்தத் தடவை லிஃப்ட் படம் சுற்றியதோடு நிற்கவில்லை. கதவு திறந்து உள்ளிருந்து ஒரு பெண் கை அசைத்தாள்.

"மதிப்பீட்டுப் படிவம் தயாரா இருக்கு" என்று முன்னுரை என் பக்கம் தள்ளினார். "போன தடவ மாதிரியே மேடம் கையெழுத்து போட்டுட்டா..."

"போன தடவ நான் பொய் சொன்னேன் சார்."

படிவத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"ஏழாவது கேள்வி. வெளிய எடுக்க முடியுமான்னு. முடியாதுன்னு தெரிஞ்சேதான் முடியும்னு டிக் போட்டேன். சோதிச்சுப் பார்த்துட்டுதான் போட்டேன்." அத்தானைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "இவர் என் அக்கா வீட்டுக்காரர். அத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். நானும் சொல்லல, அவரும் சொல்லல."

"என்னம்மா இது" என்றார் அத்தான். அந்த அறையில் அவர் என்னை மேடம் என்று சொல்லாதது அப்போதுதான்.

முன்னுரை எழுந்து ஏதோ பேச ஆரம்பித்தார். முன்னுரைதான். யாரும் கேட்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து சால்வை, "அப்ப இந்தத் தடவை யாரு டிக் போடுறது?" என்று கேட்டாள். யாரும் பேனாவை எடுக்கவில்லை. சக்கரப் பெட்டி உருண்டு போகிற சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நியாயம்தான். மதிப்பீட்டு வேலையிலிருந்தும் எடுத்தார்கள். அதைத் தண்டனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நான் பேசிய பேச்சில் நிறுவனம் திருந்திவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிளினிக்கில் நடந்ததை விசாரிக்க லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். கையேட்டைக் கேட்டார். முன்னுரை பேழைக் கோப்பை அப்படியே அனுப்பி வைத்தார். ஆய்வாளரால் திறக்க முடியவில்லை. திறக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்க, திறக்க முடியாது என்று இவர் பதில் எழுதியிருக்கிறார், அலுவலக முத்திரையோடு. இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. எந்தச் சாதனத்திலும், யாருடைய கடவுச்சொல்லும் இல்லாமல் திறக்கிற வடிவத்தில் அறுபது நாளுக்குள் கையேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் பெட்டி எந்தப் புதுக் கட்டடத்திலும் ஏறாது.

அடுத்த வாரம் புதுப் போஸ்டர். 'எளிமையே புரட்சி.' அடியில் முன்னுரையின் படம். அவர் ஆரம்பத்திலிருந்தே வெறும் டெக்ஸ்டின் பக்கம்தான் இருந்தாராம், சூழ்நிலைதான் ஒத்துழைக்கவில்லையாம். இதற்கும் ஒரு மேடை கிடைத்தது. இன்னொரு கண்ணாடிக் கட்டி வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒன்று மற்றொன்றைப் பொய் என்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மேஜைக்கு அது அழகாக இருக்கிறது.

என்னோடு கையேடு எழுதும் பெண் 'வெளியேற்று' பொத்தானால் எப்போதோ எடுத்து, ஒரு பழைய கணினியில் போட்டு மறந்திருந்த போட்டோக்கள் உத்தரவு வந்த பிறகுதான் தேடிக் கிடைத்தன. நானும் அந்தப் பெண்ணும் அவற்றைப் பார்த்து ஏழு வாரம் தட்டச்சு செய்தோம். பேழைக்குள் வாரி இறைத்திருந்த அலங்கார நிழல்களையும் வளைவுகளையும் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. இந்தத் தடவை ஆள் மாட்டிக்கொள்கிற எண்களிலிருந்து தொடங்கினேன்.

அக்கா நான்கு மாதம் பேசவில்லை. அத்தானின் வேலை போகவில்லை. அவரே விட்டுவிட்டு வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். பேழையில் மாட்டிக்கொண்ட நிறுவனங்களுக்கு வெளியே வர வழி சொல்கிறாராம். வியாபாரம் நன்றாகப் போகிறது என்று கேள்வி. பூட்டை விற்றவருக்கே யார் யார் வீட்டில் பூட்டு இருக்கிறது என்று தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள்.

"அன்னிக்கு மீட்டிங்ல நான்தான் டிக் போடச் சொன்னேன்னு சொன்னியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"கையெழுத்து என்னுதுதானே."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "நான் செஞ்சதுதானே. ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் சரியாப் போயிருக்கும். சொல்லாம விட்டுட்ட பாரு, அதுதான் நாலு மாசமாக் குத்துது."

காபி போடவா என்று கேட்டேன். போடு என்றாள். செருப்பைக் கழற்றினாள்.

திங்கட்கிழமை மெக்கானிக் அண்ணனிடமிருந்து மெயில் வந்திருந்தது. அவர் மெயில் அனுப்பி நான் பார்த்ததில்லை. கூடவே அறுபத்தொன்றுக்கான என் கோப்பு இருந்தது. மோட்டார் அறையில் உட்கார்ந்து, போனிலேயே திறந்து, அதில் அவரே கை வைத்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது படிக்குக் கீழே எழுத்துப் பிழையோடு இரண்டு வரி: 'பச்ச வெளக்கு வெயில்ல தெரியாது. கைய கொடயா வச்சி மறச்சி பாக்கனும், இல்லனா ரெண்ட மூனுனு நெனச்சிருவீங்க.'

பதினாறு வருஷத்தில் எனக்குத் தோன்றாத விஷயம். நான் எழுதுவது நிழலான அறையில், அவர் படிப்பது மொட்டைமாடியில்.

எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். 'கையைக் குடையாக வைத்து' என்பதை, கொஞ்சம் யோசித்து, அப்படியே விட்டேன். சேமித்தேன். அது நேராக மற்ற மெக்கானிக்குகளின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.